மேனேஜர் பாஸ் செய்த டிரம்கள்

பொம்மசந்திரா
8 ஜூன் 2025, ஞாயிறு

வின்சென்ட்,

மேனேஜருக்குப் புற்றுநோய். மூத்திரப்பையில். செவ்வாய்க்கிழமை ஸ்கேன் எடுத்தார்கள், வெள்ளிக்கிழமை முடிவைச் சொன்னார்கள்.

என் நம்பரை நீ பிளாக் செய்துவிட்டாய். மோனிகாவுக்குப் போட்டால், "அவர் தூங்கறாரு அண்ணி" என்கிறாள், காலை பதினொரு மணிக்கு. உன் பெண்டாட்டிக்குப் பொய் சொல்ல வரவில்லை, சொல்லிக்கொடு. தபாலை யாரும் பிளாக் செய்ய முடியாது, அதனால் எழுதுகிறேன். பில் புத்தகத்தைத் தவிர வேறு எதிலும் நான் எழுதிப் பல வருஷமாகிறது. அக்காவுக்காக இல்லாவிட்டாலும், அவனுக்குப் பெயர் வைத்தவன் நீ என்பதற்காகப் படி.

ஒரு மாதமாகவே டெம்போ டயருக்கு டயர் காலைத் தூக்கிக்கொண்டு நின்றான். நாலு சொட்டுக்கு மேல் வராது. வெயில் என்று நினைத்தேன். ஒரு நாள் எடை மேடையில் சிவப்பாகத் திட்டு. பக்கத்து டாக்டர் மூன்று ஊசி போட்டார், கேட்கவில்லை. அப்புறம் டெம்போவில் ஏற்றி டவுனில் இருக்கிற பெரிய நாய் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். முன் சீட்டில், நீ உட்காருகிற இடத்தில்தான் உட்கார்ந்தான்.

அங்கே டாக்டர் ஸ்ரீரஞ்சனி என்று ஒரு பெண். முப்பது வயது இருக்கும், வேலூர்ப் பக்கத்துத் தமிழ். வைத்தியம் பார்ப்பதோடு ஆராய்ச்சியும் செய்கிறாள். மனிதனுக்கும் நாய்க்கும் ஒரே மாதிரி வருகிற புற்றுநோய்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறார்களாம். வலி மாத்திரை ஒன்று இருக்கிறது, சில நாய்களுக்கு அதுவே கட்டியைச் சுருக்குமாம். குணமாகாது என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிட்டாள். அது எனக்குப் பிடித்தது.

அவளுக்கு நான் கொடுக்க வேண்டியது ஒரு படிவம். பதினோரு பக்கம். முதல் மூன்று பக்கம் வயது, சாதி, சாப்பாடு. நாட்டு நாய், சுமார் ஒன்பது, நான் சாப்பிடுவதுதான் என்று எழுதினேன். நான்காம் பக்கத்தில் இருக்கிறது சங்கதி. இந்த நாய் வாழும் இடத்தில் என்ன தொழில்? என்னென்ன பொருள்கள் இருக்கின்றன? எந்தத் தண்ணீரைக் குடிக்கிறது, எதில், எத்தனை வருஷமாக?

என்ன எழுதுவேன்? கம்பெனிகளிலிருந்து காலி கெமிக்கல் டிரம் வாங்கி, கழுவி, வீடுகளுக்குத் தண்ணீர் பிடித்து வைக்க விற்கிறோம் என்றா? விவரமெல்லாம் வீட்டில் இருக்கிறது, எடுத்து வருகிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். பேனா என் கையில்தான் இருந்தது.

கடைசியில் ஒன்று கேட்டாள். அந்த இடத்தில் மனிதர் யாருக்காவது இதே வியாதி உண்டா என்று. இல்லை என்றேன்.

இன்று யார்டில் யாரும் இல்லை. சர்ச்சுக்கும் போகவில்லை.

அக்கா கிரேஸ்

*

ஆண்டர்சன்பேட்டை, கே.ஜி.எஃப்.
17 ஜூன் 2025

அக்காவுக்கு,

கடிதம் வந்தது. மேனேஜரை நினைத்தால் கஷ்டமாகத்தான் இருக்கிறது. ஒரே ஒரு சந்தேகம். அவன் ஒரு நாளைக்கு எத்தனை கட்டு பீடி குடித்தான்?

நவம்பரில் என் ரிப்போர்ட்டைக் கொண்டுவந்து உன் மேஜையில் வைத்தேன். நீ பிரித்துக்கூடப் பார்க்கவில்லை. லோடு ஏற்றுகிற நாலு பேர் நின்றார்கள், யுவன் உட்பட. "பீடிய விடுடா விடுடான்னு தலையால அடிச்சுக்கிட்டேன், கேட்டானா? இப்ப அனுபவி" என்றாய். என்ன வேலை செய்கிறாய் என்று டாக்டர் இரண்டு தடவை கேட்டார், டிரம்மாகவும் இருக்கலாம் என்று உன்னிடம் சொன்னேன். "அந்த டாக்டர வந்து ரெண்டு நாள் டிரம் விக்கச் சொல்லு" என்றாய். அவர்கள் சிரித்தார்கள். யுவன்தான் ரொம்பச் சிரித்தான்.

பீடி குடித்தேன், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் பதினாலு வருஷம் டிரம்முக்குள் தலையை விட்டுக் கழுவியதும் நான்தான்.

டிசம்பரில் கட்டியைச் சுரண்டி எடுத்தார்கள். மார்ச்சில் மறுபடி வந்தது, மறுபடி சுரண்டினார்கள். இப்போது குழந்தைகளுக்குக் காசநோய் வராமல் இருக்கப் போடுகிற மருந்து இருக்கிறதே, அதை மூத்திரப்பைக்குள் விடுகிறார்கள். ஆறு வியாழக்கிழமை. விட்டபின் இரண்டு மணி நேரம் அடக்கிக்கொண்டு படுத்திருக்க வேண்டும், கால் மணிக்கு ஒரு முறை புரண்டு புரண்டு. காலையில் மாரிக்குப்பம் ரயிலில் உன் ஊர் ஆஸ்பத்திரிக்கு வந்து, சாயங்காலம் அதே ரயிலில் திரும்புகிறேன். மோனிகாவுக்கு வேலை, லீவு கிடையாது. பக்கத்துப் படுக்கைக்காரர்களுக்கு யாராவது கூட வருகிறார்கள். நான் சுவரில் இருக்கிற கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பேன்.

எனக்கு இனிமேல் எழுதாதே. மேனேஜர் சாப்பிடுகிறானா என்று மட்டும் எழுது.

வின்சென்ட்

*

பொம்மசந்திரா
26 ஜூன் 2025, வியாழன்

தம்பி,

சாப்பிடுகிறான். மாத்திரையை முட்டைக்குள் வைத்துக் கொடுத்தால் முட்டையைத் தின்றுவிட்டு மாத்திரையைத் துப்புகிறான். ஈரலில் வைத்தால் போகிறது.

இன்று வியாழக்கிழமை. நீ இந்த ஊரில்தான் எங்கேயோ படுத்திருக்கிறாய். எந்த ஆஸ்பத்திரி என்றுகூட நீ எழுதவில்லை. காலையிலிருந்து மூன்று பார்ட்டிக்குத் தப்பாக விலை சொல்லிவிட்டேன்.

உன் பீடிக் கேள்விக்குப் பதில். உன் கடிதம் வருவதற்கு முந்தின நாள் அந்த டாக்டர் பெண்ணிடம் இதையேதான் கேட்டேன். எதற்கு என்று தெரியாமல் நான் எதையும் யாருக்கும் கொடுக்கிறவள் இல்லை, உனக்குத் தெரியும். "மனுஷன் வியாதிய தெரிஞ்சுக்க நாய எதுக்கும்மா குடையறீங்க?" என்றேன்.

"மனுஷனுக்கு இது வர இருபது முப்பது வருஷம்கூட ஆகும்மா. அதுக்குள்ள நாலு வேல மாறியிருப்பான், அஞ்சு வீடு மாறியிருப்பான், பீடி சிகரெட்டு எல்லாம் பாத்திருப்பான். எதனால வந்துச்சுன்னு பிரிக்கறது ரொம்பக் கஷ்டம். நாய் அப்படியில்ல. ஒரே எடத்துல கெடக்கும், அங்க இருக்கிற தண்ணியத்தான் குடிக்கும், சில வருஷத்துலயே காட்டிக் குடுத்துடும். பீடியும் குடிக்காது."

அப்புறம் கேட்டேன், அப்போ இவனுக்குத் தண்ணியாலதான் வந்துச்சா? "ஒரு நாய வெச்சு அப்படிச் சொன்னா நான் டாக்டர் இல்லம்மா, ஜோசியக்காரி. இருநூறு நாய் சேக்கணும். உங்க நாய் எழுபத்தி மூணாவது. நாலாம் பக்கம் எப்ப தருவீங்க?"

நான் என்ன விஷமா விற்றேன்? என் புருஷன் ஓசூருக்கு ஒருத்தியோடு போனபோது எனக்கு இருந்தது பத்து டிரம்மும் நீயும்தான். அன்றைக்கே ஒரு சட்டம் வைத்தேன். கழுவி, தண்ணீர் நிரப்பி, ஒரு நாள் விட்டு, அதிலிருந்து ஒரு கிண்ணம் நாய்க்கு. குடித்தால் வெளியே போகும், குடிக்காவிட்டால் அறுத்துப் பழைய பிளாஸ்டிக்குக்குப் போகும். நாய் மூக்கைவிடப் பெரிய லேப் எது? முன்னே இருந்த கறுப்பன் செத்தபின் இவன் வந்தான், நீ மேனேஜர் என்று பெயர் வைத்தாய். ஈஜிபுராவிலிருந்து வருகிற பெண்கள்கூட "மேனேஜர் பாஸ் பண்ணிட்டாராக்கா?" என்று கேட்டுத்தானே வாங்கினார்கள்? அவன் வேண்டாம் என்றதை நான் ஒரு நாளும் விற்றதில்லை. இதை நான் எங்கே வேண்டுமானாலும் நின்று சொல்வேன்.

அப்படியிருந்தும் அந்தப் பக்கம் காலியாகத்தான் இருக்கிறது. எழுத உட்கார்ந்தால் யாராவது கூப்பிடுகிறார்கள். யாரும் கூப்பிடாவிட்டால் நானே எழுந்து போய்விடுகிறேன்.

எந்த ஆஸ்பத்திரி என்று எழுது.

கிரேஸ்

*

ஆண்டர்சன்பேட்டை
9 ஜூலை 2025

அக்கா,

அவன் வேண்டாம் என்றதை விற்றதில்லை என்று எழுதியிருக்கிறாய். அந்த வரியைப் பத்து நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். ரயிலிலும் எடுத்துப்போனேன்.

போன வருஷம் மார்ச் மாதம் நினைவிருக்கிறதா? போர்வெல் எல்லாம் வறண்டு, டேங்கர் கிடைக்காமல், ஊரே டிரம்முக்கு அலைந்தது. இருந்ததெல்லாம் விற்றுத் தீர்ந்து, சாயக் கம்பெனி டிரம் நாற்பது எடுத்தோமே, உள்ளே மஞ்சள் கறையோடு. அதற்கு முன் அந்தக் கம்பெனி டிரம்மை நாம் தொட்டதே இல்லை. காஸ்டிக் போட்டு மூன்று முறை கழுவினேன், கறை போனது, ஏதோ ஒன்று போகவில்லை. எனக்கு வாசனை தெரியவில்லை. மேனேஜருக்குத் தெரிந்தது. கிண்ணத்தில் மூக்கை வைத்தான், என்னைப் பார்த்தான், போய் டெம்போ அடியில் படுத்துக்கொண்டான்.

கேட்டில் ஈஜிபுரா ஆட்கள். டெம்போ ஸ்டார்ட்டில் நிற்கிறது. நீ ஆபீசிலிருந்து, "என்னடா ஆச்சு, மேனேஜர் லீவா?" என்று கத்தினாய். எல்லோரும் சிரித்தார்கள். டீக்கு வைத்திருந்த பால் பாக்கெட்டைக் கிழித்துக் கிண்ணத்தில் அரை பாக்கெட் ஊற்றினேன். அப்போதும் வரவில்லை. கூப்பிட்டேன். நான் கூப்பிட்டால் வருவான். வந்து குடித்தான். "மேனேஜர் பாஸ்!" என்று நானே சத்தமாகச் சொன்னேன்.

நாற்பதும் அந்த வாரத்திலேயே போயின. எல்லாம் ஈஜிபுரா. தினமும் பால் ஊற்றினேன்.

நவம்பரில் நீ பீடி என்று சொன்னபோது எனக்குக் கோபம் வந்தது உண்மை. ஆனால் அக்கா, அது எனக்கு வசதியாகவும் இருந்தது. சண்டை போட்டுவிட்டுக் கிளம்ப ஒரு காரணம் கிடைத்தது. இல்லாவிட்டால் அந்த நாயின் முகத்தைப் பார்த்துக்கொண்டு அங்கேயே இருந்திருக்க வேண்டும்.

இது மோனிகாவுக்குக்கூடத் தெரியாது.

வின்சென்ட்

*

பொம்மசந்திரா
3 ஆகஸ்ட் 2025, ஞாயிறு

வின்சென்ட்,

மேனேஜர் செத்துவிட்டான். வியாழக்கிழமை மத்தியானம் இரண்டு மணிக்கு, எடை மேடைக்குக் கீழே. மூன்று நாளாக மூத்திரம் இறங்கவில்லை. ஊசி போட்டுத் தூங்க வைத்துவிடலாம் என்று டாக்டர் சொன்னாள், வெள்ளிக்கிழமை வருகிறேன் என்றேன். அவன் அதுவரை காத்திருக்கவில்லை.

சாக்கில் சுற்றி, நானே டெம்போவில் ஏற்றிக் கொண்டுபோனேன். யுவன் வருகிறேன் என்றான், வேண்டாம் என்றேன். சில்க் போர்டு சிக்னலில் முக்கால் மணி நேரம். பக்கத்துக் காரில் ஒருவன் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தான். இறங்கிப் போய் அவனைக் கன்னடத்தில் திட்டிவிட்டு வந்தேன். அழுகைக்குப் பதில் அதுதான் வந்தது.

உடலை ஆராய்ச்சிக்குத் தருகிறேன் என்று கையெழுத்துப் போட்டேன். ஸ்ரீரஞ்சனி அவன் தலையைத் தடவிவிட்டு, "நாலாம் பக்கம்?" என்றாள். அடுத்த வாரம் என்றேன். அந்தப் பெண்ணுக்கு அன்றைக்குத்தான் கோபம் வந்தது. "எங்க வாழ்ந்தான், என்ன குடிச்சான்னு தெரியலன்னா இவன் எங்களுக்கு வெறும் சதைத் துண்டும்மா. குடுத்தும் பிரயோஜனம் இல்ல." பெயர், விலாசம் எதுவும் வெளியே போகாதாம், நம்பர் மட்டும்தானாம். அதற்கில்லை என்றேன். வேறு எதற்கு என்று அவள் கேட்கவில்லை.

உனக்குச் சொல்கிறேன். எழுதினால் எனக்கே தெரிந்துவிடும். அப்புறம் விற்க முடியாது.

இப்போது பால் விஷயம். எனக்குத் தெரியும்டா. தினம் இரண்டு பாக்கெட் வாங்குகிற இடத்தில் அந்த வாரம் மூன்று வந்தது. யாரும் டீ கூடுதலாகக் குடிக்கவில்லை. ஒரு ஸ்பேனர் காணாமல் போனால் கண்டுபிடிக்கிறவள், பாலை விட்டுவிடுவேனா? இரண்டாம் நாள் ஆபீஸ் ஜன்னலில் நின்று பார்த்தேன். நீ ஊற்றினாய், அவன் உன்னைப் பார்த்தான். நான் திரும்பி உட்கார்ந்து அடுத்த பில்லைப் போட்டேன். நீ எனக்குத் தெரியாமல் செய்ததாக இருந்தால் குற்றம் உன்னுடையது, எனக்கு அது போதுமாக இருந்தது. பீடி என்று கத்தியதும் அதனால்தான். உன் ரிப்போர்ட்டைப் பிரித்தால் உடம்பில் எந்த இடம் என்று தெரிந்துவிடுமே என்றுதான் பிரிக்கவில்லை.

இன்றும் பழக்கத்தில் இரண்டு பேருக்குச் சோறு வடித்துவிட்டேன். ஒன்பது வருஷமாக அதே அளவு, கை குறைக்க மாட்டேன் என்கிறது. கேட்டுக்கு வெளியே ஒரு தெருநாய் நின்றது. வைக்கவில்லை. மீதியைத் தண்ணீர் ஊற்றி மூடி வைத்திருக்கிறேன்.

கிரேஸ்

*

ஆண்டர்சன்பேட்டை
12 ஆகஸ்ட் 2025

அக்கா,

உன் கடிதத்தை மோனிகாவிடம் கொடுத்தேன், என்னுடையதையும் சொன்னேன். படித்து மடித்து வைத்தாள். அப்புறம், "அந்த டிரம்ல இன்னும் தண்ணி புடிச்சுட்டுத்தான இருப்பாங்க?" என்றாள். நாம் இரண்டு பேரும் இரண்டு மாதமாகக் கடிதம் எழுதிக்கொள்கிறோம். இது நம் இரண்டு பேருக்கும் தோன்றவில்லை பார்.

ஈஜிபுராவில் ஹவுஸ்கீப்பிங் வேலைக்குப் போகிற மகாவை உனக்குத் தெரியும். மூன்று டிரம் வாங்கினாள். குடிக்கிற தண்ணீரையும் அதில்தான் வைக்கிறாள், இரண்டு பெண் குழந்தைகள். ஒவ்வொரு டிரம்மும் எந்த வீட்டில் இறங்கியது என்று எனக்குத் தெரியும், உனக்குத் தெரியாது. டெம்போவிலிருந்து மாடிக்கு ஏற்றியது நான்.

ஆறு வியாழக்கிழமையும் முடிந்தது. கேமரா விட்டுப் பார்த்தார்கள், இப்போதைக்கு எதுவும் கண்ணில் படவில்லை என்கிறார்கள். செப்டம்பரில் மறுபடி மூன்று வியாழன். அப்புறம் மூன்று மாதத்துக்கு ஒரு முறை பார்த்துக்கொண்டே இருக்க வேண்டுமாம்.

நான் கேட்பது இவ்வளவுதான். நான்காம் பக்கத்தை எழுது, பாலையும் சேர்த்து எழுது. என் ரிப்போர்ட்டை அந்த டாக்டரிடம் நானே கொண்டுவந்து தருகிறேன், அந்த இடத்தில் மனிதனுக்கும் வந்தது என்று எழுதிக்கொள்ளட்டும். அந்த நாற்பதையும் திரும்ப எடுக்க வேண்டும். இனி வீட்டுக்கு டிரம் போகக் கூடாது. நாலு பேர் முன்னால் என்னைச் சொன்னதை நாலு பேர் முன்னால் திரும்ப எடுத்துக்கொள்.

சம்மதமா என்று எழுது. பேரம் பேசாமல் நீ எழுத மாட்டாய், அதுவும் தெரியும்.

வின்சென்ட்

*

பொம்மசந்திரா
17 ஆகஸ்ட் 2025, ஞாயிறு

தம்பி,

எழுதிக் கொடுத்துவிட்டேன். வெள்ளிக்கிழமை விடுமுறை, சனிக்கிழமை காலையில் முதல் ஆளாக ஆஸ்பத்திரிக் கதவில் நின்றேன். நான் எழுதியதை அப்படியே உனக்கும் எழுதுகிறேன், விட்டது ஏதாவது இருந்தால் சொல்.

"தொழில்: கெமிக்கல் வந்த காலி டிரம்களைக் கழுவி வீட்டு உபயோகத்துக்கு விற்பது. தண்ணீர்: ஒவ்வொரு முறை கழுவியபின்னும் அந்த டிரம்மில் ஒரு நாள் நின்ற தண்ணீர், தினம் ஒரு கிண்ணமாவது, ஒன்பது வருஷமாக. சுத்தமா என்று பார்க்க நாயைக் குடிக்க வைத்தோம். 2024 மார்ச்சில் சாயக் கம்பெனி டிரம் தண்ணீரைக் குடிக்க மறுத்தது. பால் கலந்து குடிக்க வைத்தோம். இரண்டு பேருக்கும் தெரியும். டிரம் கழுவிய என் தம்பிக்கு இதே நோய், வயது 46, பீடி உண்டு."

பீடியை எழுதாமல் விட முடியாது, டாக்டருக்கு எல்லாம் வேண்டும். கோபிக்காதே. அவள் இரண்டு முறை படித்தாள். "இந்த மாதிரி ஒரு பக்கம் இதுவரைக்கும் எனக்கு வரலம்மா" என்றாள். பாராட்டா திட்டா தெரியவில்லை. அந்த வீட்டுக்காரர்களுக்கு என்ன ஆகும் என்று கேட்டேன். எதுவும் ஆகாமலே போகலாம், யாராலும் சொல்ல முடியாது, ஆனால் இன்றைக்கே நிறுத்துவதுதான் நல்லது என்றாள்.

நேற்று மத்தியானம் டீ நேரத்தில் லோடு ஆட்களை நிற்க வைத்தேன். "போன நவம்பர்ல என் தம்பிய உங்க முன்னால ஒரு வார்த்த சொன்னேன். அது தப்பு. அவன் ஒடம்பு கெட்டதுல என் டிரம்முக்கும் பங்கு இருக்கலாம்" என்றேன். யுவன்தான், "சரிம்மா... டீ ஆறுது" என்றான். அப்புறம் தனியாக வந்து, "அப்போ எங்களுக்கு?" என்று கேட்டான். கழுவுகிற இரண்டு பேரையும் அவனையும் டெஸ்ட்டுக்கு அனுப்புகிறேன். கழுவும் தொட்டியை இடிக்கச் சொல்லிவிட்டேன்.

இனி புது டிரம் மட்டும்தான். லாபம் கால்வாசிகூட நிற்காது. யார்டில் பாதியைக் காலி செய்து விட்டுவிட வேண்டியதுதான். ஐம்பத்தோரு வயதில் மறுபடி பத்து டிரம்மிலிருந்து ஆரம்பம். சாயங்காலம் கேட்டைப் பூட்டிவிட்டு உள்ளே வந்தால் இடம் ரொம்பப் பெரிதாக இருக்கிறது.

நீ எதிர்பார்த்தது போலவே பேரத்துக்கு வருகிறேன். நீ சொன்ன எல்லாம் சம்மதம், என் பக்கத்திலிருந்து சிலதைச் சேர்க்கிறேன்.

முடிவு இது. நாற்பது பழைய டிரம்முக்கு நாற்பது புது டிரம், ஒன்றுக்கு ஒன்று, யாரிடமும் ஒரு ரூபாய் வாங்குவதில்லை, வேறு ஊருக்குக் குடி போனவர்களையும் தேடிப் போவது. ஏன் என்று கேட்டால் உள்ளதைச் சொல்வது, அதை நான் சொல்வேன், நீ பக்கத்தில் நின்றால் போதும். முதலில் மகா வீடு, 24ஆம் தேதி ஞாயிறு காலை எட்டு மணிக்கு. வீட்டைக் காட்டுவது மட்டும் உன் வேலை, எந்த டிரம்மையும் நீ தொடக் கூடாது. திரும்பி வருகிற ஒவ்வொன்றையும் அன்றன்றைக்கே உன் கண் முன்னால் அறுப்பது. செப்டம்பரில் மூன்று வியாழக்கிழமையும் ரயிலடிக்கு நான் வருவேன், உன் படுக்கைப் பக்கத்தில் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருப்பேன். நீ என்னோடு பேச வேண்டும் என்று நிபந்தனை இல்லை.

கிரேஸ்